கமாண்டோக்கள் எங்கிருந்து வந்தார்கள்?

ஜெயித்துக்கொண்டிருக்கும் ராணுவம் சிறப்புப் படை பற்றி யோசிப்பது அரிது. பலமாக அடி வாங்கி, அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் தலைமையகம் விழித்துக்கொண்டிருக்கும் நேரத்தில்தான் அந்த யோசனைக்குக் காது கிடைக்கும். இரண்டு உலகப்போர்களிலும் பெயர் வாங்கிய படைப்பிரிவுகளின் பிறந்த தேதிகளைப் பார்த்தாலே இது புரிந்துவிடும்.

1940 ஜூன் 4 அன்று டன்கிர்க் கடற்கரையிலிருந்து கடைசிக் கப்பல்கள் கிளம்பின. மூன்று லட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் தப்பி வந்துவிட்டார்கள். பீரங்கி, லாரி, டாங்கி எல்லாம் பிரான்ஸ் மண்ணிலேயே கிடந்தன. பிரிட்டிஷ் ராணுவத் தலைமைத் தளபதி ஜான் டில்லிடம் அப்போது உதவியாளராக இருந்தவர் டட்லி கிளார்க் என்ற லெப்டினன்ட் கர்னல். தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர். பிரிட்டனின் பெரிய படையை போயர் விவசாயிகள் சிறுசிறு குதிரைப்படைக் குழுக்களாகச் சுற்றிச்சுற்றி அடித்த கதை அவருக்கு நன்றாகத் தெரியும். பெரிய படையை அனுப்ப வழியில்லாவிட்டால் என்ன, சின்னக் குழுக்களைப் படகில் ஏற்றி இரவில் எதிரியின் கரைக்கு அனுப்பலாமே என்று அன்று மாலையே குறிப்பு எழுதினார். டில் அதைச் சர்ச்சிலிடம் கொண்டுபோனார். சில நாட்களில் அனுமதி வந்துவிட்டது. மூன்று வாரம் முடிவதற்குள் முதல் தாக்குதலும் நடந்தது.

அந்த முதல் தாக்குதலைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஜூன் 24 இரவு நூறு பேருக்குச் சற்று அதிகமானவர்கள் பூலோன் பக்கத்தில் கரையிறங்கினார்கள். திசைகாட்டி சரியில்லை, படகுகள் கடன் வாங்கியவை. இரண்டு ஜெர்மன் காவலர்கள் கொல்லப்பட்டார்கள். கூடவே போயிருந்த கிளார்க்கின் காதைத் துப்பாக்கிக் குண்டு ஒன்று கிழித்தது. திரும்பி வந்த படகுகளில் ஒன்றை, உள்ளே இருப்பவர்கள் யாரென்று தெரியாததால், ஃபோக்ஸ்டன் துறைமுகத்துக்குள்ளேயே விடாமல் காக்க வைத்தார்கள். ராணுவ ரீதியில் பலன் பூஜ்யம் என்றே சொல்லலாம். ஆனால் தோற்று நின்ற ஒரு நாட்டுக்கு ‘நாமும் அடிக்கிறோம்’ என்று சொல்லிக்கொள்ள ஒரு செய்தி கிடைத்தது. சிறப்புப் படைகளுக்கும் பிரச்சாரத்துக்கும் உள்ள உறவு முதல் நாளிலேயே தொடங்கிவிட்டது.

இதற்கு இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பே ஜெர்மானியர்கள் வேறொரு முட்டுச்சந்தில் நின்றிருந்தார்கள். 1915-இல் மேற்கு முனையில் இரு தரப்பும் அகழிக்குள் புதைந்து கிடந்தன. வரிசையாக எழுந்து ஓடினால் இயந்திரத் துப்பாக்கி சாய்த்துவிடும். இதை உடைக்க ஒரு சோதனைப் பிரிவைத் தொடங்கினார்கள். புதுவகைச் சிறு பீரங்கியை வைத்து முயன்றதில் பலத்த இழப்பு. அதன்பின் பொறுப்பேற்ற கேப்டன் வில்லி ரோர்தான் விஷயத்தைப் பிடித்தார். புதிய ஆயுதத்தை நம்பாமல், ஆட்கள் நகரும் முறையை மாற்றினார். நீண்ட வரிசைகள் போய், சார்ஜன்ட் ஒருவரின் கீழ் சிறு குழுக்கள் வந்தன. கையில் குட்டைத் துப்பாக்கி, பை நிறையக் கையெறி குண்டுகள், பக்கத்தில் தீயெறி கருவியும் குண்டை மேலே எறியும் சிறு மோர்ட்டாரும். எதிரியின் அகழியை அளந்து, பின்னால் ஒரு வயலில் அதே போல் வெட்டிவைத்து, அதில் உண்மையான குண்டுகளோடு பலமுறை ஒத்திகை பார்த்தார்கள். எந்தத் திருப்பத்தில் யார் நிற்க வேண்டும், யார் குண்டு வீச வேண்டும் என்பது தாக்குதல் நடக்கும்போது அவர்களுக்கு மனப்பாடமாகியிருந்தது.

ரோரின் பட்டாலியனுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. அது ஒரு பள்ளிக்கூடமாகவும் இயங்கியது. பிரான்ஸில் வெர்டன் போர்முனைக்குப் பின்னால் இருந்த முகாமுக்கு மற்றப் படைகளின் அதிகாரிகளும் சார்ஜன்ட்களும் வந்து, கற்றுக்கொண்டு, திரும்பிப் போய்த் தங்கள் ஆட்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். சிறப்புப் படை ஒன்றால் மொத்த ராணுவத்துக்கும் கிடைக்கக்கூடிய அதிகபட்ச லாபம் இதுதான் என்பது என் கருத்து. பின்னால் வந்த பல படைகள் இந்தப் பகுதியை மறந்துவிட்டன.

இந்தக் கதைகளில் ஆட்களின் ஜாடைகூட ஒத்துப்போகிறது. யோசனை சொல்பவர் நடுத்தரப் பதவியில் இருப்பார், வழக்கமான படை வாழ்க்கையில் அவ்வளவாக ஒட்டாதவராக இருப்பார். மேலே அவருக்குக் குடை பிடிக்க ஒரு பெரிய தளபதி இருப்பார். ரால்ஃப் பேக்னால்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1920-களிலும் 30-களிலும் விடுமுறை எடுத்து, சொந்தச் செலவில் ஃபோர்டு கார்களை ஓட்டிக்கொண்டு லிபியப் பாலைவனத்தைச் சுற்றியவர். மணல்மேடு எப்படி நகர்கிறது என்று ஆராய்ந்தவர். 1939-இல் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போக வேண்டியவர், அவர் ஏறிய கப்பல் மத்தியதரைக் கடலில் மோதிப் பழுதானதால் எகிப்தில் இறங்க நேர்ந்தது. அந்த விபத்து நடக்காமல் போயிருந்தால் நீண்டதூரப் பாலைவனக் குழு என்ற படையே வந்திருக்காது. இத்தாலி போரில் குதித்த 1940 ஜூனில் தளபதி வேவல் அவருக்கு ஆறு வாரம் கொடுத்தார். பேக்னால்டு நியூசிலாந்துப் படையிலிருந்து ஆள் கேட்டார். பண்ணைக்காரர்கள், லாரி ஓட்டியவர்கள், இயந்திரத்தைப் பிரித்துப் பூட்டத் தெரிந்தவர்கள். வீராவேசக்காரர்களை அவர் தேடவில்லை.

அவர்கள் கற்றுக்கொண்டது பெரும்பாலும் பிழைக்கும் வித்தை. இரும்பு நிறைந்த லாரியில் காந்தத் திசைகாட்டி தப்புக் காட்டும் என்பதால், நிழலைப் பார்த்துத் திசை கணிக்கும் சூரியத் திசைகாட்டியை பேக்னால்டே வடிவமைத்திருந்தார். ரேடியேட்டரில் கொதித்து ஆவியாகும் தண்ணீரை ஒரு குழாய் வழியே டப்பாவில் பிடித்துத் திரும்ப ஊற்றினார்கள். மணலில் சக்கரம் புதைந்தால் அடியில் கொடுக்க இரும்புத் தகடுகள்.

இந்தக் குழுவின் உச்சபட்ச சாதனை என்று நான் நினைப்பதில் ஒரு துப்பாக்கிச் சத்தம்கூட இல்லை. 1942 மார்ச் முதல் நான்கு மாதத்துக்கு மேல், எதிரியின் எல்லைக்குள் பல நூறு கிலோமீட்டர் தள்ளி, திரிபோலியிலிருந்து கிழக்கே வரும் கடலோரச் சாலையை இரவும் பகலும் கண்காணித்தார்கள். லாரிகள் சில கிலோமீட்டர் பின்னால் ஒளிந்திருக்கும். விடிவதற்கு முன் இரண்டு பேர் மட்டும் நடந்து வந்து, சாலையிலிருந்து சில நூறு மீட்டரில் புதரோ பள்ளமோ பார்த்துப் படுத்துக்கொள்வார்கள். பகல் முழுக்க எழுந்து நிற்கக் கூடாது. வெயில், ஈ, கால் மரத்துப்போதல். கையில் பைனாகுலரும் எதிரி வாகனங்களின் படம் போட்ட குறிப்பேடும். என்ன வகை டாங்கி, எத்தனை, எந்தப் பக்கம் போகிறது என்று குறிப்பார்கள். இருட்டிய பிறகு சாலைக்கு இன்னும் நெருங்கி வந்து, சத்தத்தையும் உருவத்தையும் வைத்து எண்ணுவார்கள். அடுத்த விடியலுக்கு முன் வேறு இரண்டு பேர் மாற்றிக்கொள்வார்கள். அந்த எண்ணிக்கை வானொலி வழியே கெய்ரோ போய்ச் சேரும். ஜெர்மன் தளபதி ரோமலுக்கு எவ்வளவு டாங்கி வருகிறது என்று அங்கே கணக்குப் போடுவார்கள். பொறுமைதான் இந்த வேலைக்கு முதல் தகுதி. சினிமாவில் இதைக் காட்ட முடியாது.

சரி, பொறுமையும் துணிவும் ஒருவரிடம் இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கிளார்க்கின் யோசனையில் பிறந்த பிரிட்டிஷ் கமாண்டோக்கள் இதற்கு எளிய வழி வைத்திருந்தார்கள். எல்லோரும் தாமாக முன்வந்தவர்கள், தகுதி போதாது என்றால் பழைய படைக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள். விசாரணை கிடையாது, முறையீடு கிடையாது. வேறு தண்டனை பெரும்பாலும் தேவைப்படவில்லை. தங்கப் படைவீடும் அவர்களுக்குக் கிடையாது. சிப்பாய்க்கு நாளொன்றுக்கு ஆறு ஷில்லிங் எட்டு பென்ஸ் கொடுத்து, ஊருக்குள் நீயே இடம் பார்த்துக்கொள் என்று விட்டுவிடுவார்கள். நாளைக் காலை ஆறு மணிக்கு இன்ன ஊரில் நிற்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போவார் அதிகாரி. எப்படிப் போவது என்பது அவரவர் பாடு. கட்டளைக்குக் கட்டளை காத்து நிற்கும் பழக்கத்தை உடைக்க இதைவிட மலிவான பயிற்சி இருக்க முடியாது.

முறையான பயிற்சிக்கு 1942-இல் ஸ்காட்லாந்து மலைப்பகுதியில் அக்னகாரி என்ற இடத்தில் மையம் திறந்தார்கள். கேமரன் குலத் தலைவரின் பழைய மாளிகை அது. சிப்பாயாகச் சேர்ந்து அதிகாரியாக உயர்ந்த சார்லஸ் வான் என்ற லெப்டினன்ட் கர்னல் அதை நடத்தினார். போர் முடிவதற்குள் சுமார் 25,000 பேர் அங்கே பயிற்சி பெற்றார்கள்.

ரயில் ஸ்பீன் பிரிட்ஜ் நிலையத்தில் நிற்கும்போதே பயிற்சி தொடங்கிவிடும். இரவெல்லாம் பயணம் செய்து களைத்து இறங்குபவர்களுக்கு லாரி காத்திருக்கும். அதில் அவர்களின் மூட்டைகள் மட்டும் போகும். ஆட்கள் முழு ஆயுதச் சுமையோடு பதினொரு கிலோமீட்டர் நடக்க வேண்டும். மாளிகை வாசலுக்குப் போகும் பாதையோரம் வரிசையாகக் கல்லறைகள். ஒவ்வொன்றிலும் ஒரு பலகை. இவன் வானத்தின் பின்னணியில் தலை தெரிய நின்றான், இவன் துப்பாக்கியைச் சுத்தம் செய்யவில்லை என்கிற ரீதியில் எழுதியிருக்கும். எல்லாம் போலிக் கல்லறைகள். வந்து சேர்ந்தவர்களுக்கு அது உடனே தெரிந்திருக்குமா என்பது வேறு விஷயம்.

அடுத்த சில வாரங்களில் அடிப்படைப் பாடம் வேக நடைதான். பதினொரு கிலோமீட்டரை எழுபது நிமிடத்தில் முடிப்பதில் ஆரம்பித்து, இருபத்துநான்கு கிலோமீட்டரை மூன்று மணி நேரத்துக்குள் முடிப்பது வரை படிப்படியாக ஏற்றுவார்கள். துப்பாக்கியும் சுமையும் தோளில்தான். நடை முடிந்ததும் ஓய்வு கொடுக்காமல் குறிபார்த்துச் சுடச் சொல்வார்கள், அல்லது பதுங்குகுழி வெட்டச் சொல்வார்கள். காரணம் நேரடியானது. கரையில் இறங்கியவன் மூச்சு வாங்கிக்கொண்டு குறி தவறினால் அவ்வளவு தூரம் வந்ததே வீண்.

எல்லா வேலையும் இரண்டு இரண்டு பேராகத்தான். ஒருவன் முன்னேறும்போது மற்றவன் சுட்டுக் காப்பு கொடுப்பான். சமையலும் சேர்ந்துதான், காவலும் மாறி மாறித்தான். ஒவ்வொருவனிடமும் ஒரு முனையில் கண்ணியும் மறுமுனையில் மரக்கட்டையும் உள்ள ஒரு சிறு கயிறு இருக்கும். தனியாக அது ஒன்றுக்கும் உதவாது. பத்துப் பேருடைய கயிறுகளை ஒன்றோடொன்று மாட்டினால் பாலம் கட்டலாம், பாறை ஏறலாம். ஆர்க்கெய்க் ஆற்றுக்குக் குறுக்கே உயர்ந்த மரத்திலிருந்து சாய்வாகக் கட்டிய கயிற்றில் இந்தச் சிறு கயிற்றைப் போட்டுத் தொங்கிக்கொண்டு சரிந்து வருவார்கள். கீழே குண்டுகள் வெடித்துக்கொண்டிருக்கும். அதற்கு ‘மரணச் சவாரி’ என்றே பெயர்.

முடிவில் இரவுத் தரையிறக்கம். லோக்கி ஏரியில் கித்தான் படகுகளைத் துடுப்பு போட்டு வருவார்கள். கரையிலிருந்து பயிற்சியாளர்கள் நிஜத் தோட்டாக்களைப் படகுகளுக்கு மிக அருகே சுடுவார்கள். எவ்வளவு கவனமாக இருந்தாலும் பயிற்சியிலேயே உயிரிழந்தவர்கள் உண்டு. இதை நியாயப்படுத்தவும் முடியும், குறை சொல்லவும் முடியும். முதல்முறை குண்டுச் சத்தம் கேட்கும் சிப்பாய் உறைந்துபோய்விடுவான், அந்த முதல்முறை எதிரியின் கரையில் இருக்கக் கூடாது என்பது சார்லஸ் வானின் கணக்கு.

கத்திச் சண்டையும் சொல்லிக்கொடுத்தார்கள். ஷாங்காய் காவல்துறையில் பல ஆண்டுகள் வேலை பார்த்த ஃபேர்பேர்ன், சைக்ஸ் என்ற இருவர், ஐம்பது வயதைக் கடந்தவர்கள், 1940-லிருந்து லோக்கைலார்ட்டில் அதைக் கற்பித்தார்கள். அவர்கள் வடிவமைத்த கத்தி பின்னர் கமாண்டோக்களின் சின்னமாகவே ஆகிவிட்டது. ஆனால் மொத்தப் பயிற்சி நேரத்தில் அதற்கு ஒதுக்கியது சிறு பகுதிதான். கத்தியைப் படம் எடுக்கலாம், நடையைப் படம் எடுத்தால் யார் பார்ப்பார்கள்?

அக்னகாரியில் எல்லாம் யோசித்து அமைத்தது என்றால், சூயஸ் கால்வாய் ஓரம் கப்ரிட்டில் டேவிட் ஸ்டிர்லிங் 1941-இல் தொடங்கிய எஸ்.ஏ.எஸ். (ஸ்பெஷல் ஏர் சர்வீஸ்) என்ற சிறப்புப் படை முழுக்க ஒப்பேற்றல். அறுபத்து சொச்சம் பேர். கூடாரங்களைப் பக்கத்திலிருந்த நியூசிலாந்து முகாமிலிருந்து இரவோடு இரவாகத் திருடிக்கொண்டு வந்தார்கள். பாராசூட் பயிற்சிக்குக் கருவி இல்லை. அதனால் ஜாக் லூயிஸ் என்ற அதிகாரி, ஓடும் லாரியின் பின்புறத்திலிருந்து ஆட்களைக் குதிக்க வைத்தார். விழுந்து உருளப் பழக வேண்டுமாம். பலருக்கு எலும்பு முறிந்ததுதான் மிச்சம். அக்டோபரில் விமானத்திலிருந்து குதித்தபோது பாராசூட் கயிற்றின் கொக்கி கழன்று இரண்டு பேர் இறந்தார்கள். கொக்கியை மாற்றி மறுநாளே முதல் ஆளாக ஸ்டிர்லிங் குதித்தார்.

நவம்பர் 16 இரவு எதிரியின் விமானத்தளங்கள் மீது முதல் தாக்குதல். கடும் காற்று, மணல்புயல். ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் குதித்ததில் இருபது சொச்சம் பேர்தான் திரும்பினார்கள். ஒரு விமானத்தைக்கூட அழிக்கவில்லை. வேறொரு படை இத்தோடு கலைக்கப்பட்டிருக்கும். உயிர் பிழைத்தவர்களைப் பாலைவனத்தில் வந்து ஏற்றிக்கொண்டு போனவை பேக்னால்டு உருவாக்கிய குழுவின் லாரிகள். வருவதற்கு லாரி போதுமென்றால் போவதற்கும் லாரியே போதுமே என்று அப்போதுதான் ஸ்டிர்லிங்குக்கு உறைத்தது. அடுத்த மாதமே லிபியாவின் தமெத் விமானத்தளத்தில் பேடி மெய்ன் தலைமையில் ஒரு சின்னக் குழு 24 விமானங்களை நாசம் செய்தது. அத்தனை எலும்புகளை முறித்துக் கற்ற பாராசூட் பயிற்சி பாலைவனத்தில் அதன் பிறகு அநேகமாகப் பயன்படவே இல்லை. லூயிஸ் கண்டுபிடித்த, பையில் போட்டுத் தூக்கிப் போகக்கூடிய சிறு தீக்குண்டுதான் கைகொடுத்தது.

ஒத்திகை எந்த அளவுக்குப் பலன் தரும் என்பதற்கு ஜெர்மானியர்கள் 1940 மே 10 அன்று பெல்ஜியத்தின் எபென்-எமேல் கோட்டையில் செய்ததைத்தான் காட்ட வேண்டும். ஆயிரத்துக்கு மேற்பட்ட படையிடம் பொறுப்பு விடப்பட்ட கோட்டை அது. எண்பது சொச்சம் பேர், கிளைடர் எனப்படும் இன்ஜின் இல்லாத விமானங்கள் 11-இல் கிளம்பினார்கள். அவற்றில் ஒன்பது, சத்தமில்லாமல், நேராகக் கோட்டையின் கூரை மேலேயே இறங்கின. அதற்கு முன் ஆறு மாதம் ஹில்டெஸ்ஹைமில் அடைத்து வைத்ததுபோல் பயிற்சி, செக் நாட்டில் கைப்பற்றிய கோட்டைகளின் மேல் ஒத்திகை. எந்தக் கோட்டை என்று ஆட்களுக்குச் சொல்லவே இல்லை. தாக்குதல் அன்று தலைவர் விட்ஸிக் வந்த கிளைடரின் இழுவைக் கயிறு அறுந்து, அவர் ஜெர்மனியிலேயே ஒரு வயலில் இறங்கிவிட்டார். அவர் இல்லாமலே ஒரு சார்ஜன்ட் பொறுப்பேற்று வேலையை முடித்தார். எல்லோருக்கும் எல்லோருடைய வேலையும் தெரிந்திருந்ததால்தான் அது நடந்தது. இறந்தவர்கள் ஆறு பேர். மறுநாள் கோட்டை சரணடைந்தது.

தாமாக முன்வந்தவர்களும் பொறுக்கியெடுத்தவர்களும்தான் இப்படிச் செய்ய முடியும் என்பது பொதுவான நம்பிக்கை. பர்மாவில் ஆர்ட் விங்கேட்டின் சிண்டிட்கள் அதைக் கொஞ்சம் குழப்பிவிடுகிறார்கள். 1943-இல் ஜப்பானியர்களின் பின்புறம் ஊடுருவிய 77-ஆவது இந்தியக் காலாட்படை பிரிகேடில் இருந்த லிவர்பூல் பட்டாலியன், இந்தியாவில் காவல் வேலைக்காக அனுப்பப்பட்டது. பலர் முப்பதை நெருங்கியவர்கள், கல்யாணமானவர்கள். யாரும் அவர்களிடம் விருப்பம் கேட்கவில்லை. மத்திய இந்தியக் காடுகளில் சாகர் பக்கம் மாதக்கணக்கில் மழையில் நடக்க வைத்தார் விங்கேட். தாக்குப்பிடிக்காதவர்களைக் கழித்து, மிச்சத்தை கூர்க்காக்கள், பர்மா ரைஃபிள்ஸ் வீரர்களோடு சேர்த்துக் கொண்டுபோனார். கோவேறு கழுதைகளில் சுமை, வானத்திலிருந்து உணவு. 3,000 பேர் போய் சுமார் 2,180 பேர் திரும்பினார்கள். அவர்களில் மறுபடி போருக்குத் தகுதியாக இருந்தவர்கள் 600 பேர் அளவில்தான். காயம்பட்டு நடக்க முடியாதவர்களைக் காட்டிலேயே விட்டுவர வேண்டியிருந்தது. சாதாரண சிப்பாயைப் பயிற்சியால் எவ்வளவு தூரம் கொண்டுபோகலாம் என்பதையும், அதற்கு அவன் கொடுத்த விலையையும் ஒரே எண்ணிக்கையில் பார்க்கிறோம்.

அதே பர்மாவில் பதினான்காம் ராணுவத்தை நடத்திய தளபதி ஸ்லிம்முக்கு இந்தப் படைகள் மேல் பெரிய அபிப்பிராயம் இல்லை. நல்ல காலாட்படை பட்டாலியன் எதுவும் இதையெல்லாம் செய்ய முடியும், செய்ய வேண்டும் என்றார். மரம் ஏறுவதற்கென்று ஒரு தனிப்படை அமைத்து, தொப்பியில் ஓக் இலை குத்தியவனைத் தவிர வேறு யாரும் மரம் ஏறக் கூடாது என்று சொல்வது போல இருக்கிறது என்று பின்னாளில் கிண்டலாக எழுதினார். எதிரியின் பின்புறம் சிறு குழுக்களாகப் போய் நாசவேலை செய்யும் பிரிவுகளுக்கு மட்டும் விதிவிலக்கு கொடுத்தார்.

ஸ்லிம் சொன்னதில் பொறாமை கலந்திருக்கலாம், ஆனால் கணக்கு தப்பில்லை. ஒவ்வொரு பட்டாலியனிலும் துணிச்சலான ஐந்து பேரைப் பிடுங்கினால், மற்றவர்களை நடத்திச் செல்ல வேண்டிய சார்ஜன்ட்கள் போய்விடுகிறார்கள். 1918-இல் ஜெர்மனி இதைப் பெரிய அளவில் செய்தது. இளைஞர்களையும் நல்ல ஆயுதங்களையும் தாக்கும் டிவிஷன்களுக்குக் கொடுத்துவிட்டு, வயதானவர்களை அகழி காக்க விட்டது. மார்ச் 21 தொடங்கிய தாக்குதலில் அந்த முன்னணி வீரர்கள் வேகமாக முன்னேறினார்கள், அதே வேகத்தில் செத்தும் போனார்கள். கோடையில் எதிர்த்தாக்குதல் வந்தபோது தாங்கிப் பிடிக்க ஆள் இல்லை.

இன்னொரு விதமாகவும் இந்தப் படைகள் வீணாகின. அமெரிக்காவின் சிறப்புப் படையான ரேஞ்சர்களை வில்லியம் டார்பி 1942-இல் வட அயர்லாந்தில் திரட்டி, அக்னகாரிக்குக் கூட்டிவந்து பழக்கினார். இத்தாலிப் போரில் ஆள் பற்றாக்குறை வந்ததும் அவர்களைச் சாதாரணக் காலாட்படையாக முன்வரிசையில் நிறுத்தினார்கள். அக்னகாரியில் பழகியவர்கள் குறையக் குறைய, அரைகுறைப் பயிற்சியோடு புதியவர்கள் வந்து நிரப்பினார்கள். 1944 ஜனவரி 30 விடியலில் ஆன்சியோ அருகே சிஸ்டெர்னாவை நோக்கி ஊர்ந்து போன இரண்டு ரேஞ்சர் பட்டாலியன்களை டாங்கிகளோடு ஜெர்மானியர்கள் மடக்கினார்கள். போன 767 பேரில் திரும்பி வந்தவர்கள் ஆறு பேர். மற்றவர்களில் பெரும்பாலோர் பிடிபட்டார்கள்.

போர் முடிந்ததும் ராணுவங்கள் இந்தப் பிரிவுகளை அவசர அவசரமாகக் கலைத்தன. எஸ்.ஏ.எஸ். 1945 அக்டோபரிலேயே போனது. பிரிட்டிஷ் தரைப்படையின் கமாண்டோக்களும் கலைக்கப்பட்டு, அந்தப் பணி கடற்படையைச் சேர்ந்த ராயல் மரீன்களிடம் மட்டும் தங்கியது. அப்புறம் மலேயாவில் கெரில்லாக்கள் காட்டுக்குள் போனபோது பழைய யோசனை திரும்ப வந்தது. சிண்டிட்டாக இருந்த மைக் கால்வெர்ட், பிறகு எஸ்.ஏ.எஸ். ஆக மாறிய ஒரு பிரிவை 1950-இல் அவசரமாகத் திரட்டினார். பொறுக்கியெடுக்க நேரமில்லை. மற்றப் பட்டாலியன்களும் தங்களுக்கு வேண்டாதவர்களைத் தள்ளிவிட இதை நல்ல வாய்ப்பாக எடுத்துக்கொண்டன. குடியும் ஒழுங்கீனமும் பேச்சாகி, பிரிவின் பெயரே கெட்டது. ஜான் வுட்ஹவுஸ் என்ற அதிகாரி பிரிட்டன் திரும்பி, 1952-இல் ஒரு தேர்வு முறையை அமைத்தார். வேல்ஸ் மலைகளில், முதுகில் சுமையும் கையில் வரைபடமுமாக, தனியாக, நேரக்கெடு என்ன என்று தெரியாமல் நடக்க வேண்டும். எஸ்.ஏ.எஸ்.ஸின் இன்றைய தேர்வு முறைக்கு அடிப்படை அதுதான்.